ஏழாவது வாளி

செத்துப்போன குதிரையின் மூக்கில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கட்டியிருக்கும் என்று எனக்கு அந்தப் புதன்கிழமை வரை தெரியாது. சேகரன் தன் கைப்பேசியில் படத்தை நீட்டினார். பார்த்திருக்கக் கூடாது.

"இது வெள்ளையன். ஞாயித்துக்கெழமை போனான்," என்றார். விரலால் தள்ளினார். "இது கருடன். நேத்து."

மூன்றாவதான பெண்குதிரை மயிலி அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டாயில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. செலண்டாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இடம். பத்து வருஷமாக மலாக்காவில் பாதி மாப்பிள்ளைகளை மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவை சேகரனின் குதிரைகள்தான். இப்போது மிச்சம் ஒன்று.

என் பெயர் கோகுலராஜ். ஜாசினில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு துப்பறியும் நிலையம் இருக்கிறது. அதில் இரண்டே பேர். இந்திராதேவி அக்கா போலீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்து சார்ஜண்டாக வெளியே வந்தவர். அவர் துப்புத் துலக்குவார். நான் கார் ஓட்டுவேன், குறிப்பு எழுதுவேன், மீதி நேரம் பேசுவேன். மீதி நேரம்தான் அதிகம் என்பது அக்காவின் புகார்.

"யாரோ பார்டர் தாண்டி, பெர்மிட் இல்லாம, நோவு புடிச்ச குதிரைய கொண்டாந்துருக்கான்," என்றார் சேகரன். "அவன் யாருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்கக்கா. அடிக்க மாட்டேன். அதோ அந்தக் குழிக்கிட்ட கூட்டியாந்து நிக்க வெப்பேன். நின்னு பாக்கட்டும். அவ்ளோதான்."

கொட்டாய்க்குப் பின்னால் செம்மண் இரண்டு மேடாகக் கிடந்தது. மேல் மண் இன்னும் காயவில்லை.

அரசாங்கக் கால்நடை டாக்டர் ஷாமினி மயிலிக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வந்தார். முப்பது வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"முப்பத்தெட்டு. நார்மல்தான்," என்றார். சேகரன் மூச்சு விட்டார்.

"டாக்டர், இவன் ஒரு மரமண்ட. இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்று அக்கா என்னைக் காட்டினார்.

"ஆப்பிரிக்கக் குதிரை நோய். குதிரைக்குக் குதிரை தொட்டா ஒட்டாது. அகாஸ் பூச்சி கடிச்சாத்தான் பரவும். கொசுவ விட பொடிசு, சாதாரண கொசுவலைக்குள்ளயே பூந்துடும். அந்தி சாயறப்பயும் விடியறப்பயும்தான் கடிக்கும். நோவு உள்ள மிருகத்தக் கடிச்சுட்டுப் போயி அடுத்ததக் கடிக்கும். பத்துக் குதிரைக்கு வந்தா எட்டு செத்துடும்."

"மத்த குதிரைங்களுக்கு ஊசி?" என்று அக்கா கேட்டார்.

"நாளைக்குத்தான் மருந்து வருது. போட்டாலும் வேலை செய்ய ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள அந்த ஒண்ணக் கண்டுபுடிச்சு வலைக்குள்ள வெக்கணும். எங்கயோ நிக்குதுக்கா. ஒவ்வொரு அந்திக்கும் அகாஸ் அதைக் கடிச்சுட்டுப் பறக்குது. இந்தச் சுத்துவட்டாரத்துல முப்பத்தோரு குதிரை. எல்லாத்தையும் பாத்துட்டேன். எல்லா ஓனரும் ஒரே பேச்சு, புதுசா குதிரை வரலன்னு."

அக்கா வாயில் ஒரு அசாம் பாயைப் போட்டார். உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழம் வாய்க்குள் போனால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். "தம்பி, உங்க கொட்டாய்க்கு?"

"ஒரு குதிரையும் வரலக்கா. என் புள்ள மேல சத்தியம்."

அதே நேரம் உள்ளே பிள்ளை அழுதது. கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு குரல். சேகரனின் மனைவி தேவிஸ்ரீ ஏணையை ஆட்டிக்கொண்டே வெட்கத்தோடு எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண். குறைமாதம். ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வந்ததாம்.

"நல்ல தொண்ட," என்றார் அக்கா.

"வீட்டுக்கு வந்தப்ப சத்தமே இல்லக்கா. பூனைக்குட்டி மாதிரி முனகும். இப்பத்தான் தொறந்துச்சு," என்றார் தேவிஸ்ரீ. அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

காரில் ஏறியதும் நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். காலையிலேயே ஜாசின் போகிற வழியில் ஒரு மலாய்க்காரப் பெரியவரைப் பார்த்திருந்தோம். முதலில் செத்தது அவருடைய குதிரைதான், போன வெள்ளிக்கிழமை. அந்தப் பெரியவரும் புதுக்குதிரை எதுவும் வரவில்லை என்றே சொன்னார். ரெண்டு வாரத்துக்கு முன்னால் இரண்டு நாள் விடியற்காலையில் செம்பனைக் காட்டுக்குள் எவனோ தண்ணீர் பம்பை இழுத்து இழுத்துப் பார்த்தான், கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை, தூக்கம் கெட்டது என்று அலுத்துக்கொண்டார்.

"பம்ப் ரிப்பேர்காரன்மேல சந்தேகப்படலாமாக்கா?"

"வாய மூடிட்டு வண்டிய எடுடா, கழுத."

சொன்ன அக்காவுக்கும் தெரியாது, கேட்ட எனக்கும் தெரியாது. கேஸ் முழுவதும் அந்த ஒரு திட்டில் இருந்தது.

லூபோக் சீனா போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. நெகிரி செம்பிலான் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். அங்கே வீராசாமி குதிரை வியாபாரம் செய்கிறார். தாய்லாந்து எல்லை தாண்டிக் குதிரை கொண்டு வருகிறவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் என் கணக்கில் குற்றவாளி ஏற்கெனவே தயார். அந்தியோடு வேலையை முடித்து வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

வீராசாமி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். "போன மாசம் தாய்லாந்துலேர்ந்து ஆறு குதிர. ஆறு பெர்மிட், ஆறு ரத்த ரிப்போர்ட், ஆறு தடுப்பூசி அட்டை. அந்தப் பக்கம் ஒரு மாசம் வலைக்குள்ள வெச்சிருந்து, இந்தப் பக்கமும் வெச்சிருந்து அனுப்புனாங்க. டாக்டரம்மா வந்து திரும்ப ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. சுத்தம்னு சொல்லிடுச்சு. வேற என்னா வேணும்?"

கொட்டாயைச் சுற்றிப் பொடிக்கண் வலை. குதிரைகள் பளபளவென்று நின்றன. என் மீன்குழம்பு தள்ளிப்போயிற்று.

அக்கா குதிரைகளைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற லாரியின் பின்கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்பக்கச் சுவரில் வரிசையாக வாளிகள் மாட்டியிருந்தன. ஒன்று முதல் ஆறு வரை பெயிண்டில் நம்பர். கடைசியில் ஏழாவதாக ஒரு பழைய பெயிண்ட் டின், நம்பர் இல்லாமல். மற்றவை என் நெஞ்சு உயரத்தில் தொங்க, அது மட்டும் இடுப்புக்குக் கீழே.

"இது என்னாண்ணே?"

"லாரி கழுவறதுக்கு," என்றார் வீராசாமி. சட்டென்று சொன்னார். ரொம்பச் சட்டென்று.

வெளியே வந்ததும் நான் அக்காவின் காதில் ஓதினேன். "குட்டிக் குதிரை. அதான் கீழ மாட்டிருக்கு. புடிச்சுட்டோம்."

"பால்குடி மறக்காத குட்டிக்கு வாளி எதுக்குடா? மறந்த குட்டின்னா அதுவும் குதிரைதான். குதிரை ஆறுன்னு அந்த ஆளு கண்ண பாத்து சொல்றாரு. அதுல பொய் இல்ல. டின்னுன்னதும்தான் கண்ணு ஓடுது." அக்கா பசார் கடைகளை நோக்கி நடந்தார். "வா, டீ குடிப்போம்."

கருப்பாயி அக்காவின் சாப்பாட்டுக்கடை வீராசாமியின் வேலிக்குப் பின்பக்கம். டீ வந்தது. நான் சுவரைப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே லட்சுமி, அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கழுதைப் படம். கீழே எழுத்து: என்னைப் பார், யோகம் வரும்.

"அக்கா, இத மாதிரி ஒண்ணு நம்ம ஆபீஸ்ல மாட்டிடலாம். நான் லீவு எடுத்தாலும் உங்களுக்குத் திட்டறதுக்கு ஆள் இருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. கருப்பாயியிடம் கேட்டார். "போன மாசம் வீராசாமி அண்ணன் லாரி வந்தப்ப, வித்தியாசமா எதனா நடந்துச்சாங்க?"

"அப்டி ஒண்ணும் இல்லியே," என்று கருப்பாயி யோசித்தார். "விடியக்காலம் ஒரு சத்தம். நாலஞ்சு நாளு. எவனோ தண்ணி பம்ப இழுத்து இழுத்துப் பாத்தான். இழுக்கும், வுடும், இழுக்கும், வுடும். கடைசில தேம்பிட்டு நிக்கும். ஸ்டார்ட்டே ஆவல. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி பாக்குறேன்னாரு. நாந்தான் படுலா, நமக்கு எதுக்குன்னேன்."

நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. இதை ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருந்தேன்.

"கோகுல்," என்றார் அக்கா. வாயில் இருந்த அசாம் பாய் கொட்டையைத் தட்டில் துப்பினார். "ஜாசின்ல ஸ்டார்ட் ஆவாத பம்பு. லூபோக் சீனால ஸ்டார்ட் ஆவாத பம்பு. நடுவுல அம்பது கிலோமீட்டரு. பம்புக்குக் கால் இருக்கா?"

"இருந்தா நாலு இருக்கும்க்கா."

"நீ கழுத கத்திக் கேட்டுருக்கியா?"

"நான் மலாக்கால பொறந்தவன்க்கா. கழுதன்னு நீங்க கூப்புட்டுத்தான் கேட்டுருக்கேன்."

அக்கா சுவரைக் காட்டினார். கண்ணாடிக்குள்ளிருந்து அது எங்களைப் பார்த்தது.

அக்கா ஷாமினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "டாக்டர், இந்த நோவு கழுதைக்கு வருமா?"

"வரும்," என்றது ஷாமினியின் குரல். "ஆனா சாவாது. காய்ச்சல்கூட வெளிய தெரியாது. நல்லா தின்னுட்டு நல்லா நிக்கும். ரத்தத்துல மட்டும் மூணு நாலு வாரம் நோவு ஓடும். மலாக்கால கழுதையே கிடையாதுக்கா. இருக்குன்னு யாரும் சொல்லல. நான் எல்லார்கிட்டயும் குதிரைன்னுதான் கேட்டேன்."

"பொடிக்கண் வலைய வண்டில ஏத்தி வைங்க. எடம் சொல்றேன்."

வீராசாமி எங்களைத் திரும்பப் பார்த்ததும் ஃபைலைத் தேடினார். அக்கா அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏழாவது வாளில தண்ணி குடிச்சது இப்ப எங்கண்ணே?"

அந்த ஆள் ஒரு புல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"குதிரைக்கு லாரின்னா பயம்மா. ஒதைக்கும், கால ஒடச்சுக்கும். பக்கத்துல ஒரு கழுத நின்னா அமைதியா வரும். தாய்லாந்துல குடுத்தவரு ஒண்ண ஏத்தி வுட்டாரு. குதிரைக்கெல்லாம் பெர்மிட் இருக்கு, கழுதைக்கு இல்ல. பார்டர்கிட்ட எறக்கி, படகுல ஆத்தத் தாண்டி, இந்தப் பக்கம் திரும்ப ஏத்திக்கிட்டேன். அடுத்த நடையில திருப்பி அனுப்பலாம்னு. வந்த மூணாம் நாளு அது குட்டி போட்டுடுச்சு. ஏத்த முடியல. அப்புறம் ஒருத்தர் வந்து ரெண்டையும் கேட்டாரு, குடுத்துட்டேன். அப்புசாமின்னு பேரு. வீடு வாசல் தெரியாது."

"அவுரு எதுக்கு வாங்குனாரு?"

"எனக்குத் தெரியாது. டாக்டரம்மா கேட்டப்பயும் குதிரைன்னுதான் கேட்டுச்சு. நான் பொய் சொல்லலம்மா."

"ஆறு குதிரைக்கு இவ்ளோ காபந்து பண்ணத் தெரியுது," என்றார் அக்கா, "ஏழாவதுக்கு ஆத்துல படகு." அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை. நேரம் நாலரை.

காரை எடுத்துக்கொண்டே நான் புலம்பினேன். "ரெண்டு மணி நேரத்துல அந்தி. எந்தத் தோட்டம்னு போயித் தேடறதுக்கா? கழுதைய வாங்கி ஒரு ஆளு என்னா பண்ணுவாரு, சவாரியா போவாரு?"

"குட்டி போட்ட கழுதைடா. பால்."

எனக்குப் புரியவில்லை. கல்யாணம் ஆகாதவனுக்குச் சில விஷயம் புரியாதாம். பிறந்த பிள்ளைக்கு ஒரு சங்கு கழுதைப் பால் ஊற்றினால் தொண்டை திறக்கும், சளி அண்டாது என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஊரில் கழுதையே இல்லாததால் இத்தனை வருஷம் அந்த நம்பிக்கை சும்மா கிடந்திருக்கிறது.

"கழுதையத் தேடாத. பச்சப் புள்ளைங்களத் தேடு," என்றார் அக்கா. "வேலாயி நம்பர் இருக்குல்ல?"

வேலாயி அத்தை பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர். ஜாசின் வட்டாரத்தில் அவர் கை படாமல் வளர்ந்த முதுகு குறைவு. போனை எடுத்தார்.

"அத்தை, கோகுல் பேசறேன். கழுதப் பால் வேணும். அவசரம்."

"ஒனக்கு எப்படா புள்ள பொறந்துச்சு?"

"இப்பத்தான்."

"ஆணா, பொண்ணா?"

"அவசரத்துல பாக்கல அத்தை."

"நாசமாப் போறவனே. அப்புசாமியத்தான கேக்குற? இன்னிக்கி அவுரு செலண்டாரு தாண்டி பழைய லயத்துல இருப்பாரு. அங்க ரெட்டப் புள்ள. நல்ல மனுசன்டா, பேரம் பேசாத."

நான் மிதித்த மிதியில் மஸ்ஜித் தானா, அலோர் காஜா, டுரியான் துங்கல் எல்லாம் பின்னால் ஓடின. அக்கா வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மழை இல்லை, காற்றும் இல்லை. அகாஸுக்கு இதைவிட நல்ல அந்தி கிடைக்காது.

பழைய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தபோது மணி ஆறேகால். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேன், வேனுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம், மரத்தடியில் அது. சாம்பல் நிறம், வெள்ளை வாய், நீளக் காது. பக்கத்தில் காதுக்கும் காலுக்கும் நடுவில் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவில் ஒரு குட்டி. எத்தனை குதிரையைக் கொன்றது என்று தெரியாமல் அது என் சட்டைப் பையை மோந்து பார்த்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். அப்புசாமிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த கை.

"கேள்விப்பட்டேம்மா. குதிரைக்குத்தான நோவு," என்றார். "இது கழுதயில்ல?"

குதிரைதான், கழுதையில்லை என்ற பேச்சை அன்று நான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

"டாக்டர் வர இன்னும் அரை மணி ஆவும்," என்றார் அக்கா. "அது வரைக்கும் ஒரு பூச்சி இது மேல ஒக்காரக் கூடாது. கோகுல், மட்டைய அடுக்கு."

லயத்து ஆட்கள் தேங்காய் மட்டையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சுற்றி நாலு இடத்தில் தீ வைத்து, ஈரச் சாக்கைப் போட்டுப் புகையைக் கிளப்பினோம். ஒரு அம்மா சாம்பிராணியை அள்ளிப் போட்டார். நான் தகரத்தால் விசிறினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கழுதை இருமியது. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அரை மணி நேரம் நான் பேசவில்லை என்று அக்கா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.

ஆறு ஐம்பதுக்கு ஷாமினியின் வண்டி வந்தது. கொய்யா மரத்தோடு சேர்த்து வலையை இறக்கி, ஓரத்தை மண் போட்டு மூடி, மருந்து அடித்தார்கள். இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஷாமினி தரையில் உட்கார்ந்து வலைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொன்னுடுவீங்களா?" என்று அப்புசாமி கேட்டார்.

"இல்ல ஐயா. வலைக்குள்ள வெச்சுருந்து நோவு போன பெறகு பாப்போம். இது எங்கெங்க ராத்தங்குச்சோ எல்லாம் எனக்கு வேணும். தேதியோட. அங்க இருக்குற குதிரைய எல்லாம் இன்னிக்கே வலைக்குள்ள வெக்கணும்."

அக்கா என் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அப்புசாமி விரல் விட்டு எண்ணினார். லூபோக் சீனாவில் ஒரு வாரம். ஜாசின் வழியில் ஒரு மலாய்க்காரர் வீட்டுப் பக்கத்தில், செம்பனைக் காட்டுக்குள் இரண்டு ராத்திரி. அக்காவின் பேனா ஓடியது.

"அப்பறம் பன்னெண்டு நாளுக்கு முன்ன, நம்ம சேகரன் தம்பி கொட்டாயில ரெண்டு ராத்திரி," என்றார் அப்புசாமி. "தங்கமான மனுசன். கொற மாசப் புள்ள, சத்தமே இல்லன்னு அழுதுகிட்டுக் கூப்புட்டாரு. குதிரைக்குப் போட்ட புல்லையே இதுக்கும் போட்டாரு. பாவம், அவுரு குதிரதான் செத்துப் போச்சாமே?"

பேனா நின்றது. மதியம் கேட்ட அந்தக் குழந்தையின் குரல் எனக்குக் காதில் திரும்ப வந்தது. இப்பத்தான் தொறந்துச்சு என்று தேவிஸ்ரீ எங்களிடமே சொன்னார். நாங்கள் நல்ல தொண்டை என்று பாராட்டிவிட்டு வந்தோம்.

காரில் நான் அக்காவிடம் கெஞ்சினேன். "லூபோக் சீனாலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிட்டு விட்டுடலாம்க்கா. அது பொய் இல்ல. வீராசாமி மேல பழி போவட்டும், அந்தாளுதான் ஆத்துல எறக்குனாரு. இவருக்குத் தெரிய வேணாம்."

"நாளைக்கு டாக்டர் ரிப்போர்ட்ல அவுரு வீட்டுப் பேரும் தேதியும் வரும். பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையாடா?"

செலண்டாரில் சேகரன் வாசலிலேயே நின்றார். அப்போதுதான் நன்றாக இருட்டியிருந்தது. ஷாமினி எங்களுக்குப் பின்னாலேயே வந்து, தெர்மாமீட்டரோடு நேராகக் கொட்டாய்க்குப் போனார்.

"கெடச்சுட்டானாக்கா?"

"கெடச்சுது தம்பி. ஆளு இல்ல. கழுத."

சேகரன் புரியாமல் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்புசாமி மாமா கழுதயா?"

"ஆமா."

"அன்னிக்கி மழைக்கா." அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "அவுரு மரத்தடியிலதான் கட்டுனாரு. குட்டி நனையுதேன்னு நாந்தான் உள்ள கொண்டாரச் சொன்னேன். வெள்ளையன் பக்கத்துல கட்டச் சொன்னேன்." வீட்டுக்குள் திரும்பிப் பார்த்து, "நான் புள்ள மேல சத்தியம் பண்ணேன்க்கா," என்றார்.

"நீங்க பொய் சொல்லல தம்பி. குதிரை வரல. அது நெசம்."

"புள்ளைக்கு?" தேவிஸ்ரீ கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார். கையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

கொட்டாயிலிருந்து வந்த ஷாமினிதான் பதில் சொன்னார். "மனுசங்களுக்கு இந்த நோவு வராதுங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. பச்சப் பால் மட்டும் இனிமே வேணாம்."

தேவிஸ்ரீ பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். சேகரன் ஷாமினியின் கையைப் பார்த்தார். தெர்மாமீட்டர் இன்னும் கையில்தான் இருந்தது.

"மயிலிக்கு எவ்ளோ டாக்டர்?"

"நாப்பது புள்ளி ரெண்டு." ஷாமினி தலையைக் குனிந்துகொண்டார். "கண்ணுக்கு மேல லேசா வீங்குது."

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சேகரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு தடவை பார்த்தவர். அவர் கொட்டாய்க்குப் போய் மயிலியின் நெற்றியில் கையை வைத்தார். அது முகத்தை அவர் தோளில் தேய்த்தது. பிறகு அவர் வெளியே வந்து, எங்களைத் தாண்டி, பின்பக்கம் நடந்தார். செம்மண் மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மதியம் எங்களுக்குக் கை காட்டிய அதே இடம்.

நான் கூப்பிடப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

உள்ளே பிள்ளை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. நல்ல சத்தம். குழி வரைக்கும் கேட்டிருக்கும்.